தந்தை வழி: இல்லை

சரவணனுக்கு,

தாளின் தலையில் இருக்கிற பிள்ளையார் சுழியை முதலில் நன்றாகப் பார்த்துக்கொள். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. ஆனால் அது என் கையால் போட்டது. நான் சொல்லச் சொல்ல யாரும் இதை எழுதவில்லை. உன் அப்பன்தான் எழுதுகிறேன், அறுபத்தொன்பது வயதில், பேனாவால். எட்டு மாதமாகச் சாயங்காலம் டீக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற எழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாளுக்கு அரைப் பக்கம் வருகிறது. பதினோரு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்பு எடுக்கிற சுமதி டீச்சர் ஒற்றுப் பிழைகளைத் திருத்தித் தந்தார். திட்டு எதையும் திருத்தவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது. இதை வேறு நாலு பேர் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. படிக்கட்டும்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் உன்னோடு பேச முடியுமா? நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிட்டு, நாலாவதைப் பாதியில் விட்டுவிட்டு, “அப்பா ஒரு நிமிசம்” என்று வேறு யாரிடமோ கத்தப் போய்விடுவாய். இந்தத் தாளில் நீ குறுக்கே பேச முடியாது. இந்த ஒரு சுகம் தெரிந்திருந்தால் ஐம்பது வருடம் முன்னமே படித்திருப்பேன்.

போன மாதம் நீ குவைத்திலிருந்து பேசியதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு உன் மகள் யாழினியைப் புதுக்கோட்டை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீ சொன்னாய்: “எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு கெடையாதுப்பா. அது அவ பொறந்த வீட்டு ரத்தம். நான் மாசியில லீவுல வாரப்ப ரெண்டு பேரும் அவ ஆத்தா வீட்ல இருக்கணும். சொல்லிருங்க.” நான் சொல்ல வேண்டிய வேலை இருக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது, நீ பேசியது வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. நாலு அடி தள்ளி உன் பெண்டாட்டி ரேவதி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்குகிற சத்தம் நின்றது. பிறகு அதே பாத்திரத்தை மறுபடியும் விளக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். அந்த நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என் மேல் எனக்கு இருக்கிற இளக்காரம், உன் மேல் இருப்பதைவிட ஒரு படி அதிகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதி இளக்காரத்தை வரிசையாகப் பங்கிடுகிறேன், உனக்கும் பங்கு உண்டு.

யாழினி என்ன செய்தாள் என்பது உனக்குத் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்புகிற நேரம் ஆளைக் காணோம். அரை மணி நேரம் தேடினார்கள். அவள் குகைக்குள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, மேலே கூரையில் தீட்டியிருக்கிற தாமரைக் குளத்தில் மீன் எத்தனை, வாத்து எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது காதில் விழவே இல்லையாம். மறுநாள் ரேவதியைக் கூப்பிட்டு, “ஒங்க பொண்ணுக்குக் கவனமே இல்லம்மா” என்று சொன்னார்கள். முப்பது பிள்ளைகள் ஐஸ் வாங்க ஓடியபோது ஒருத்தி மட்டும் கூரையைப் பார்த்தாள், அவளுக்குக் கவனம் இல்லையாம். சரி, அதோடு விடவும் முடியாது. அதே பிள்ளைதான் ஒரு வாரத்தில் மூன்று தண்ணீர்ப் பாட்டிலைத் தொலைக்கிறாள், கணக்கு நோட்டில் பாதிக் கணக்கில் எழுந்து போய்விடுகிறாள், தெருவில் வண்டி வருவதைப் பார்க்காமல் குறுக்கே ஓடுகிறாள். ஒருநாள் ஒரு மில்க் வேன் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றைக்குத்தான் டாக்டரிடம் போவது என்று ரேவதி முடிவு பண்ணினாள். நீ குவைத்தில் ரத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் அந்த ஒரு முழத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதிர்வீட்டு முத்தையா, “எல்லாம் இந்தச் செல்போன் பண்ற வேலை மாமா” என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் கண் அவன் செல்போனில் இருந்தது, நான் எழுந்து போனதுகூட அவனுக்குத் தெரியாது. இன்னொருத்தி, மிட்டாய் தின்பதால் என்றாள். அவள் வீட்டு மூன்று பிள்ளைகளும் மிட்டாய் டப்பாவுக்குள்ளேயே குடியிருக்கிறவர்கள், மூன்றும் உட்கார்ந்த இடத்தில் பிடித்துவைத்த மாதிரி இருக்கும். குறி சொல்கிற கோடாங்கி ஒருவன் வந்து உடுக்கை அடித்து, ரேவதி மாசமாக இருந்தபோது எதையோ தாண்டிவிட்டாள் என்றான். எல்லாருடைய விரலும் கடைசியில் அவளைத்தான் காட்டியது. வளர்ப்பு சரியில்லை, வயிற்றில் இருந்தபோது சரியில்லை, பிறந்த வீடு சரியில்லை. ஒருத்தனாவது என் பக்கம் திரும்பிப் பார்த்தானா? எருமைகள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று எழுதுவதே பொய், நின்று, நடந்து, வாசலுக்கும் கொல்லைக்கும் போய்வந்துகொண்டிருந்தேன்.

இங்கே பேனாவை வைத்துவிட்டுப் போய்க் கன்றை நிழலில் மாற்றிக் கட்டினேன். வந்து பார்த்தால் பேனாவின் மூடியைக் காணோம். சட்டைப் பையில் இருந்தது.

டாக்டர் அம்மாவின் அறைக்கு வெளியே ஒரு படிவம் கொடுத்தார்கள். ரேவதி அதை மடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். யாழினி பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து போய் அந்தப் பக்கம் எழுந்தாள். நான் சும்மா குனிந்து பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று ரேவதி நம்பிக்கொண்டிருந்ததால் தாளை மறைக்கவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டு, இரண்டு கட்டம் போட்டிருந்தது. நான் எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். ‘தாய் வழி’ என்பதற்கு நேரே ‘உண்டு’ என்று எழுதியிருந்தாள். ‘தந்தை வழி’ என்பதற்கு நேரே ‘இல்லை’.

எனக்குப் படிக்க வந்த ஆனந்தத்தில் வாய்விட்டே படித்துவிட்டேன். “தந்தை வழி… இல்லை.” ரேவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மாமா, ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“அதை விடு. ஒங்க வீட்ல யாருக்கு இப்பிடி உண்டு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “யாருக்கும் இல்ல மாமா. அவுகதான் இப்பிடி எழுதச் சொன்னாக.”

சரவணா, அந்த நேரம் எனக்கு வந்த நினைப்பை எழுதுகிறேன். அறுபத்தொன்பது வருடம் எழுத்துத் தெரியாமல் இருந்ததற்கு நான் ஒருநாளும் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. எழுத்துத் தெரிந்த நீ, குவைத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருத்தியின் கையைப் பிடித்து ஒரு பொய்யை எழுதவைத்திருக்கிறாய். இதற்குத்தானா உன்னைப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அடித்து அடித்துப் படிக்கவைத்தேன்?

டாக்டர் சின்ன வயது அம்மா. அந்தக் குறைபாட்டுக்கு ஒரு பெயர் சொன்னார். ‘கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு.’ இதை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. நின்று கேட்கப் பொறுமையில்லாதவர்களுக்கு இவ்வளவு நீளப் பெயரை வைத்த புண்ணியவான் எவனோ, பாதிப் பெயரிலேயே அவர்கள் எழுந்து போய்விடுவார்களே என்று அவனுக்குத் தோன்றவில்லை. டாக்டர் என்னிடம் கேட்டார்:

“ஐயா, ஒங்க மகன் சின்ன வயசுல எப்பிடி இருந்தாரு?”

“நல்லாத்தான் இருந்தான்.”

“ஒரு எடத்துல ஒக்காருவாரா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒக்காந்தா அவன் எங்க வீட்டுப் பிள்ளையா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப நீங்க?” என்றார். அப்போதுதான் பார்த்தேன், நாற்காலி எனக்குப் பின்னால் சும்மா கிடந்தது. நான் உள்ளே வந்ததிலிருந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். டாக்டரும் ரேவதியும் என்னையே பார்த்தார்கள். யாழினி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து நடந்தாள்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. இரண்டாம் வகுப்பில் வாத்தியார் என் காலை மேசைக் காலோடு துண்டால் கட்டிவைத்தார். நான் மேசையோடு வாசல் வரைக்கும் போனேன். அன்றோடு என் படிப்பு முடிந்தது. மாட்டுத் தரகுக்குப் போனேன். சந்தையில் நின்றுகொண்டே, நடந்துகொண்டே செய்கிற வேலை, எனக்கு அதுதான் வாய்த்தது. நீயும் அப்படித்தான் பிறந்தாய். செருப்பை ஜோடியாக வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் உண்டா உனக்கு? பாஸ்போர்ட்டை இரண்டு தடவை தொலைத்தாய். மூன்று கம்பெனி மாறிவிட்டாய். ஒவ்வொரு தடவையும் மேனேஜர் சரியில்லை. மூன்று கம்பெனி மேனேஜர்களும் உனக்கெதிராகக் கூட்டம் போட்டா முடிவெடுத்தார்கள்?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எனக்கு விளங்கிய அளவுக்கு எழுதுகிறேன். மூளையின் முன்பக்கம்தான், ‘பொறு, இதை முடி, அப்புறம் அதைப் பார்’ என்று சொல்கிற இடமாம். இப்படிப் பிறந்தவர்களுக்கு அந்த இடம் முதிர்வது கொஞ்சம் பிந்துகிறது. மூளைக்குள் சேதி கொண்டுபோகிற ரசாயனங்கள் இருக்கின்றன, டோபமைன் என்பது அதில் ஒன்று. அது ஓடுகிற விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. சோம்பலோ திமிரோ இதற்குக் காரணம் இல்லை. வளர்ப்பாலும் இது வருவதில்லை, மிட்டாயாலும் வருவதில்லை. பெரும்பாலும் இது பரம்பரையாக இறங்குகிறது. ஒரே ஒரு மரபணுவில் இருந்தால் சுலபமாகப் பிடித்துவிடலாம், ஆனால் அப்படி இல்லை. ஏகப்பட்டவை, ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேருகின்றன. குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறப்பதும் ஒரு பங்கு சேர்க்கலாம். யாழினி எட்டாம் மாதத்தில் பிறந்தவள், அதற்கும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார். தாயின் வயிற்றில் இருக்கும்போது படுகிற புகையையும் சொன்னார். “அதுவும் ஒரு பங்கா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாதுங்கய்யா.” நீ உன் ஆத்தா வயிற்றில் இருந்த மாதங்களில், மழைக்கு வெளியே போக முடியாமல், அடைத்த வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து கட்டுக் கட்டாகப் பீடி குடித்தவன் நான்.

“ஒங்களுக்கு மாடு நல்லாத் தெரியுமாமே ஐயா” என்றார் டாக்டர். “ஒரு கன்னுக்குட்டிய வாங்குறப்ப மொதல்ல என்ன கேப்பீங்க?”

“காளை எதுன்னு கேப்பேன்.”

“அவ்வளவுதான் விசயம்” என்றார்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. நாற்பது வருடம் சந்தையில் நின்று, எந்தக் கன்றைப் பார்த்தாலும் ‘இது எந்தக் காளைக்குப் பிறந்தது’ என்று கேட்டவன் நான். பசு எவ்வளவு சாதுவாக இருந்தாலும், காளை முரடு என்றால் கன்றைத் தொடமாட்டேன். அப்படிப்பட்டவன், என் பிள்ளை நிற்காமல் ஓடியபோது மட்டும், காளையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பசுவைக் குறை சொன்னேன். சந்தையில் எவனாவது இப்படி ஒரு யோசனை சொல்லியிருந்தால், “நீ தரகனாடா, போய் ஆடு மேய்” என்றிருப்பேன்.

உன் ஆத்தாவிடம் நான் சொன்னதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. நீ வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. அவளை வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு கன்று அவிழ்ந்து கிணற்றுப் பக்கம் ஓடிவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை, அவள் ஓடிப்போய்ப் பிடித்துக் கட்டினாள். நீ வளர்ந்து, நீ உடைத்ததும் தொலைத்ததும் ஊருக்கே தெரிந்த பிறகு, நான் அவளிடம் சொன்னேன்: “நீ கிரகணத்துல வெளிய போனல்ல, அதான் இவன் இப்பிடி ஆடுறான்.” ஒரு தடவை சொல்லவில்லை, வருடக்கணக்காகச் சொன்னேன். உன் தலையில் இருந்த இரட்டைச் சுழியைக் காட்டி, அதுவும் அந்தக் கிரகணத்தால்தான் என்றேன். அவள் உனக்குத் தலை வாரும்போது சுழி தெரியாமல் எண்ணெய் வைத்துப் படிய வாருவாளே, அழகுக்காக என்றா நினைத்தாய்? சாகிற வரைக்கும் தன்னால்தான் என்று நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அந்தக் கன்று ஏன் அவிழ்ந்தது தெரியுமா? காலையில் தண்ணீர் காட்ட அவிழ்த்துவிட்டு, பாதியில் வேறு எதையோ பார்க்கப் போய், திரும்பக் கட்ட மறந்தவன் நான்.

இதற்கு மேல் அன்றைக்கு எழுத முடியவில்லை. மூன்று நாள் இந்தத் தாளைத் தொடவில்லை.

சுழியைப் பற்றி ஒரு தரகன் சொல்கிறான், கேள். மாட்டின் மேல் ஒரே இடத்தில் இருக்கிற ஒரே சுழியை, விற்கிறவனிடம் பாடைச் சுழி, வீட்டுக்கு ஆகாது என்பேன். வாங்குகிறவனிடம் அதையே கோபுரச் சுழி, குடும்பம் ஓங்கும் என்பேன். இரண்டு பேரும் நம்பினார்கள். சுழியின் யோக்கியதை அவ்வளவுதான். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே அதை என் வீட்டுக்குள் கொண்டுவந்து பெண்டாட்டி தலையில் வைத்தேன். டாக்டரிடம் இரட்டைச் சுழியைப் பற்றிக் கேட்டேன். “சுழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்கய்யா” என்று சிரித்தார்.

ஆனால் எழுத்தில் சுழி விஷயம் வேறு. அங்கே ஒரு சுழி கூடினால் நிஜமாகவே கணக்கு மாறுகிறது. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண. சுமதி டீச்சர் இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதம் பாடுபட்டார். என்னால் உட்கார்ந்து எழுத முடியவில்லை என்று முதல் நாளே கண்டுகொண்டு, “நின்னுக்கிட்டே கரும்பலகையில எழுதுங்க, யாரு வேணாம்னா” என்றார். மேசைக் காலோடு கட்டாமல் விட்டதால் எட்டு மாதத்தில் படித்துவிட்டேன். இரண்டாம் வகுப்பிலேயே எவனாவது அந்தத் துண்டை அவிழ்த்துவிட்டிருந்தால் நான் என்னவாகியிருப்பேனோ தெரியாது. யாழினிக்கும் டாக்டர் அதைத்தான் முதலில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் முன்வரிசை, நடுநடுவே எழுந்து நடக்க அனுமதி, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பது, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பயிற்சி. மாத்திரை தேவையா என்பதை அப்புறம் பார்க்கலாம், அதுவும் இரண்டு பேரும் வந்து பேசின பிறகு என்றார். நீ போனில் பைத்தியக்கார மாத்திரை என்று கத்தினாயே, அதை இன்னும் யாரும் எழுதித் தரவே இல்லை. நீ வழக்கம்போலப் பாதிப் பேச்சில் முடிவுக்கு வந்துவிட்டாய்.

அன்றைக்கு அந்த அறையிலேயே நான் ரேவதியிடம் பேனாவைக் கேட்டேன். அவள் தயங்கினாள். “வேணாம் மாமா, அவுகளுக்குத் தெரிஞ்சா…” என்றாள். “தெரியத்தானே எழுதப்போறேன்” என்றேன். தாய் வழியில் இருந்த ‘உண்டு’ என்பதை அடித்தேன். தந்தை வழியில் இருந்த ‘இல்லை’ என்பதையும் அடித்தேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். வகுப்புக்கு வெளியே நான் முதல் முதலாக எழுதிய எழுத்து அதுதான். அதற்குக் கீழே உன் பெயரை எழுதினேன். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, கடைசி எழுத்துல ஒரு சுழி கூடிருச்சு, சரவணண்னு இருக்கு” என்றார். “இருக்கட்டும்மா, அவனுக்குத் தலையிலயும் ஒண்ணு கூடத்தான்” என்றேன். ரேவதி சிரித்தாள். நீ அந்தப் போன் பண்ணின நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

மாசியில் வா. ரேவதியும் யாழினியும் இந்த வீட்டில்தான் இருப்பார்கள். ரத்தத்தைப் பார்த்துத்தான் ஆளை வெளியே அனுப்ப வேண்டும் என்றால், முதலில் நான் போக வேண்டும், அடுத்து நீ போக வேண்டும். அந்த வரிசையில் ரேவதிக்கு இடமே கிடையாது. உன் ஆத்தாவுக்கும் கிடையாது. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வழியில்லை. உன் பெண்டாட்டியிடம் சொல்ல உனக்கு வழி இருக்கிறது. நீ என்னைவிடப் பெரிய முட்டாளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

அந்தப் படிவம் டாக்டரிடம் இருக்கிறது. தகப்பன் கையெழுத்துப் போடுகிற இடம் காலியாகக் கிடக்கிறது. வந்து போடு. போடுகிறபோது, நான் கூட்டிப் போட்ட அந்த ஒரு சுழியை வேண்டுமானால் திருத்திக்கொள். பெயரை அடிக்காதே.

இப்படிக்கு,
தந்தை வழியில் முதல் பெயராக இருக்கிற
உன் அப்பன்